ரயரின் காற்றும் சாரதிகளின் அலட்சியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதியில் ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையே அடிக்கடி பயணிப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். வாகனத்தை நாள்தோறும் கழுவி, கண்ணாடிக்குக் கீழே தேசிக்காயும் கட்டும் நம் சாரதிகள் பலர், ரயரின் காற்றை மாதத்துக்கு ஒரு தடவையேனும் பார்ப்பதில்லை. வெயிலில் காற்று விரிந்து ரயர் வெடித்துவிடும் என்று அஞ்சி, அளவைக் குறைத்து ஓடுவோரும் உள்ளனர். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிவதால் அளவுகடந்து சூடாகி, பாரம் ஏற்றி வேகமாக ஓடும்போது வெடிக்கிறது.

சரியான அளவு சாரதியின் கதவோரத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் அது கிலோபஸ்கால் அலகில் இருப்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. 220 என்றிருந்தால், காற்றழுத்தத்தின் மற்றோர் அலகான பி.எஸ்.ஐ.யில் ஏறத்தாழ 32 என்று கொள்ளலாம். ஓடிக் களைத்த ரயரில் அல்ல, ஆறிய ரயரிலேயே அதனைப் பார்க்கவேண்டும்.

பழைய ரயர் வாங்குவோர் பூவை, அதாவது வீதியில் படும் மேற்பரப்பின் வரிகளை, மட்டும் தடவிப் பார்க்கின்றனர். பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை வாசிப்பதில்லை. 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூத் தேயாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும். மாங்குளத்துக்கு அருகே இரவில் ரயர் வெடித்து எனது வான் நின்றபோது, மேலதிக ரயரிலும் காற்று இருக்கவில்லை. அந்த வெட்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

காற்று நிரப்பும் இடங்களிலுள்ள அளவுமானிகளை உரிமையாளர்கள் அவ்வப்போது சரிபார்த்து வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.