நிஞ்சா எங்க சார் இருக்காரு? நிஞ்சா படம் எடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டைரக்டர், கேமராமேன், எடிட்டர், டிஐ (அதான், படத்தோட கலரையும் வெளிச்சத்தையும் கடைசில கூட்டிக் குறைக்கற வேல) பண்றவங்க எல்லாருக்கும்,

வணக்கம். நான் சினிமாக்காரன் இல்ல, விமர்சனம் எழுதற ஆளும் இல்ல. எட்டாங்கிளாஸ் படிக்கிறப்ப டெக்கு வாடகைக்கு எடுத்து வீட்டுல படம் போட்ட காலத்துல இருந்து நிஞ்சா படம்னா, அதான் மறைஞ்சு வந்து தாக்கற ஜப்பான் உளவாளிங்க கதைன்னா, சோறு தண்ணி மறந்து உக்காருற ஒருத்தன், அவ்ளோதான். உங்க நிஞ்சா படமெல்லாம் ஒரே இருட்டு, சண்டை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலன்னு ஊரே உங்கள கழுவி ஊத்திக்கிட்டு இருக்கறது உங்க காதுக்கு வராம இருந்திருக்காது, அதனால முன்னுரை எல்லாம் வேணாம்னு நேரா விஷயத்துக்கு வரேன்.

போன சனிக்கிழமை நைட்டு உங்கள்ல ஒருத்தர் எடுத்த புதுப்படத்த வீட்டுல போட்டோம். பேரு வேணாம், அவருக்கே தெரியும். என் பையனுக்கு 11 வயசு, ட்ரெய்லர பாத்துட்டு மாசக்கணக்கா காலண்டர்ல நாள் எண்ணிக்கிட்டு இருந்தவன். முதல் சண்டை வந்துச்சு. கத்தி சத்தம் கேக்குது, யாரோ 'ஹக்'னு விழுறாங்க, சங்கிலி சுத்தற சத்தம் காதுக்குள்ளயே கேக்குது, ஆனா ஸ்க்ரீன்ல தெரிஞ்சது நானும் என் பனியனும் பின்னாடி சுத்தற ஃபேனும்தான். சரி நம்ம தப்புன்னு லைட்ட அணைச்சேன். ஜன்னல் திரைய இழுத்தேன். திரைக்கு நடுவுல தெருலைட் வருதுன்னு அங்க ஒரு போர்வைய தொங்க விட்டேன். டிவில பிரைட்னஸ்னு ஒண்ணு இருக்குல்ல, வாங்குன நாள்ல இருந்து அத தொட்டதே இல்ல, அத 100க்கு ஏத்தினேன். கறுப்பு சாம்பலாச்சு, வேற ஒண்ணும் மாறல. பையன் கேக்குறான், "அப்பா, இப்ப செத்தது நல்லவனா கெட்டவனா?" எனக்கு எப்படிடா தெரியும். மூணு தடவ பின்னாடி தள்ளி பாத்தோம். மூணாவது தடவ அவனே கண்டுபிடிச்சான், நாங்க இவ்ளோ நேரம் நிஞ்சான்னு நெனச்சு உத்துப் பாத்துக்கிட்டு இருந்தது ஒரு தூணு. அந்த நேரம் பாத்து தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்த எங்கம்மா டிவிய ஒரு பார்வை பாத்துட்டு, "படம் போயிருச்சாப்பா, சத்தம் மட்டும் வருது, காலைல கேபிள்காரனுக்கு போன் போடு"ன்னு சொல்லிட்டு போய் படுத்துட்டாங்க.

அந்தக் காலத்துல ரேடியோல ஒலிச்சித்திரம் போடுவாங்க. அதுக்குக்கூட யாரும் எங்ககிட்ட மாசச் சந்தா வாங்கல.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். நிஞ்சா காவக்காரன் கண்ணுக்கு மறையட்டும், எங்க கண்ணுக்கு மறைய வேணாம். எங்களுக்கு காட்டுங்க.

இது ஏதோ கண்ணு சரியில்லாதவன் புலம்பல்னு தள்ளிராதீங்க. நிஞ்சா படத்தோட ருசியே இதுலதான் இருக்கு. 1962ல ஜப்பான்ல 'ஷினோபி நோ மோனோ'ன்னு ஒரு படம், சத்சுவோ யமமோட்டோ எடுத்தது, ரைஸோ இச்சிகாவா ஹீரோ. அதுல நொபுநாகாங்கற ஜப்பான் படைத்தலைவர கொல்ல வந்தவன் மேல கூரைல ஒளிஞ்சிருக்கான், கீழ அவரு தூங்கறாரு, இவன் ஒரு நூல மெதுவா இறக்கி அது வழியா விஷத்த சொட்டு சொட்டா விடறான். அந்த சொட்டு நூல்ல ஊர்ந்து ஊர்ந்து வாய்க்கு வர்ற வரைக்கும் நமக்கு தொண்டைல எச்சில் எறங்காது. ராத்திரி சீன், அதுவும் கறுப்பு வெள்ளைப் படம், ஆனா கூரைல இருக்கறவன் தெரியறான், நூலு தெரியுது, சொட்டு தெரியுது, தூங்கறவரு வாயும் தெரியுது. தூங்கறவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுது பாருங்க, அதுதான் சார் நிஞ்சா படம். 5 வருஷம் கழிச்சு 1967ல ஜேம்ஸ் பாண்டே 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்'ல இதே நூல் வித்தைய எடுத்துக்கிட்டாரு, அங்கயும் நூலு பளிச்சுன்னு தெரியும். கறுப்பு வெள்ளைல ஒரு நூல காட்ட முடிஞ்சிருக்கு, உங்களோட இத்தன 'கே' கேமரால ஒரு முழு ஆள காட்ட முடியல.

அடுத்தது எடிட்டர் அண்ணனுக்கு. கோச்சுக்காதீங்க. மத்த ஆக்‌ஷன் படத்துல கேமராவ ஆட்டி, கண்ணு சிமிட்டறதுக்குள்ள நாலு கட் போடறீங்க, ஏன்னு எங்களுக்கும் தெரியும், ஹீரோவுக்கு சண்டை தெரியாது, டூப்போட மூஞ்சி தெரிஞ்சிரக் கூடாது, சரி பொழச்சுப் போங்க. ஆனா நிஞ்சா மூஞ்சிலதான் துணி கட்டியிருக்கே! கண்ணு மட்டும்தான் வெளிய தெரியுது. டூப்ப தாராளமா முழுசா நிக்க வச்சு வைட் ஷாட்ல 1 நிமிஷம் சண்ட போட விடலாமே, யாரு வந்து கண்டுபிடிக்கப் போறா? 1981ல 'எண்டர் த நிஞ்சா'ல இதத்தான பண்ணாங்க. ஹீரோ ஃப்ராங்கோ நீரோ, இத்தாலிக்காரரு, அதுக்கு முன்ன 'ஜாங்கோ' படத்துல சவப்பெட்டிய இழுத்துக்கிட்டு வந்த கௌபாய். அவருக்கு நிஞ்சுட்சுங்கற நிஞ்சா வித்தையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. மைக் ஸ்டோன்னு நிஜமான கராத்தே சாம்பியன் முகமூடிய மாட்டிக்கிட்டு அவருக்காக சண்ட போட்டாரு. ஹீரோவுக்கு வெள்ள டிரஸ்ஸு, வில்லன் ஷோ கொசுகிக்கு கறுப்பு டிரஸ்ஸு. யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு எங்கம்மாவுக்குக்கூட தூரத்துல இருந்து தெரியும். நிஞ்சா ஏன் வெள்ள டிரஸ் போடறான்னு கேட்டா பதில் கிடையாது, ஆனா படம் பாக்கறப்ப அந்தக் கேள்வியே வராது.

அந்த ஷோ கொசுகிய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. மூஞ்சில முக்காவாசி துணி, இங்கிலீஷ் சரளமா வராது, அப்பவும் அந்த ஆளு கண்ணையும் தோளையும் வச்சே கோவம், துக்கம், 'இன்னைக்கு நீ தொலைஞ்சடா'ங்கறது எல்லாத்தையும் காட்டிருவாரு. வில்லனா வந்தவரையே அடுத்த படத்துல ஹீரோ ஆக்குனாங்க, 1983, 'ரிவெஞ்ச் ஆஃப் த நிஞ்சா'. கிளைமாக்ஸ் ஒரு பெரிய பில்டிங் மொட்டமாடில, வில்லன் வெள்ளி முகமூடி போட்டுக்கிட்டு வருவான், பட்டப்பகல்! ரெண்டு பேருகிட்டயும் என்னென்ன சாமான் இருக்கு, யாரு எந்த மறைவுக்குப் பின்னாடி போனா, எங்க இருந்து வரப்போறான், எல்லாம் நமக்குப் புரியும், அதனாலதான் ஒவ்வொரு ஏமாத்து வேலைக்கும் சீட்டு நுனிக்கு வர முடியும். ஒருத்தன் எங்க நின்னான்னே தெரியாம அவன் திடீர்னு வேற எடத்துல இருந்து வந்தா அதுல என்ன சார் ஆச்சரியம், எனக்கு முதல்ல இருந்தே அவன் எங்க இருக்கான்னு தெரியாதே.

அதுக்கு அடுத்த வருஷம் 'நிஞ்சா 3'. ஆரம்பமே கோல்ஃப் மைதானம், வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, பச்சப் புல்லுக்கு நடுவுல கறுப்பு டிரஸ்ல ஒரு நிஞ்சா. ஒளிஞ்சுக்க ஒரு செடிகூட சரியா கிடையாது. கோல்ஃப் பந்த கைலயே நசுக்கறான், போலீஸ் கார் மேல ஏறறான், மரத்துல ஏறி ஹெலிகாப்டர் மேல தாவறான். அப்புறம் அவன் ஆவி டெலிபோன் கம்பத்துல வேல பாக்குற ஒரு பொண்ணு மேல புகுந்துக்குது, அந்தப் பொண்ணு ஏரோபிக்ஸ் டீச்சரும்கூட. அபத்தம்தான், மறுக்கல. ஆனா அந்த அபத்தத்துல ஒண்ணக்கூட எங்ககிட்ட மறைக்கல பாருங்க, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஹாங்காங்ல 1982ல சாங் செ எடுத்த 'ஃபைவ் எலிமெண்ட் நிஞ்சாஸ்' இன்னும் ஒரு படி மேல. தங்கம், மரம், தண்ணி, நெருப்பு, மண்ணுன்னு அஞ்சு குரூப்பு, அஞ்சுக்கும் தனித்தனி வேஷம், தனித்தனி தந்திரம். தங்கக் குரூப்பு வெயில திருப்பி எதிரி கண்ணுல அடிப்பாங்க, மண்ணு குரூப்பு தரைக்குள்ள இருந்து ஈட்டியால குத்துவாங்க. முதல்ல நம்மாளுங்க அஞ்சுலயும் தோத்து, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மாத்து வித்த கத்துக்கிட்டு திரும்பி வருவாங்க. இதுதான் கணக்கு, முதல்ல வித்தைய காட்டு, அப்புறம் அத ஒருத்தன் எப்படி ஒடைக்கறான்னு காட்டு. ரெண்டு எடத்துலயும் 'காட்டு'ன்னு ஒரு வார்த்தை வருது, கவனிச்சீங்களா.

காட்ஃப்ரே ஹோன்னு ஒரு மகானுபாவர் இருந்தாரு, வேற யாரோ எடுத்த படத்த வாங்கி நடுவுல கொஞ்சம் நிஞ்சா சீன் சொருகி புதுப்படம்னு வித்துருவாரு. அதுல ஒண்ணுல நிஞ்சா மாஸ்டர் கார்ஃபீல்டு பூனை பொம்ம டெலிபோன்ல பேசுவாரு. நிஞ்சாங்க நெத்திப் பட்டைல இங்கிலீஷ்ல 'நிஞ்சா'ன்னே எழுதி ஒட்டிருப்பாங்க, சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு. ஏமாத்து வேலைதான், ஆனா காசுக்கு நிஞ்சாவ கண்ணுல காட்டுனாரு. அவர்கிட்ட இருந்த மனசாட்சிகூட உங்ககிட்ட இல்லையேன்னு சொன்னா கோவம் வருமா? வரட்டும்.

'ரியலிசம்'னு ஒரு பதில் வரும், தெரியும். நிஞ்சான்னா இருட்டுல கறுப்பு டிரஸ்ல வர்றவன், தெரியக் கூடாது, அதான் நிஜம்னு. ஐயா, அந்த கறுப்பு டிரஸ்ஸே நாடகத்துல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. கபுகிங்கற ஜப்பான் பாரம்பரிய நாடக மேடைல சாமான் எடுத்து வைக்கற ஆளுங்க கறுப்புல வருவாங்க, அவங்கள பாக்காத மாதிரி பாக்கறது ஆடியன்ஸுக்குப் பழக்கம், அந்த வழக்கம்தான் நிஞ்சாவுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு. நிஜ நிஞ்சாங்க, அதான் ஜப்பான்ல இகா, கோகாங்கற பக்கத்து ஆளுங்க, சாமியாரு, வியாபாரி, கழைக்கூத்தாடின்னு வேஷம் போட்டுக்கிட்டு பட்டப்பகல்ல ஊருக்குள்ள நடந்து போனவங்க. 1676ல தொகுத்த 'பன்சென்ஷுகாய்'ங்கற அவங்களோட புத்தகத்துல மாறுவேஷம் போட்டு உள்ள நுழையறத பத்தியே ஏகப்பட்டது இருக்கு. ரியலிசம்தான் வேணும்னா ஒரு சாமியார வெயில்ல கோட்டைக்குள்ள நடக்க விடுங்க, கூட்டத்துல அவன் யாருன்னு எங்களுக்கு மட்டும் சொல்லிருங்க, போதும், அல்லு விட்டுரும். லைட்டு செலவும் மிச்சம்.

எழுத உக்காந்ததும் மத்ததும் வாய்க்கு வருது. அது ஏன் சார் எல்லா நிஞ்சாவுக்கும் இப்ப ஒரு சோகக்கதை? முக்கா படம் மழைல நின்னு அப்பாவ நெனச்சு அழுறான், முகமூடிய கடைசி சீன்ல மாட்டறான், 'அடுத்த பாகத்தில்'னு அனுப்பிடறீங்க. டிக்கெட் வாங்குனது முகமூடி மாட்டறதுக்கு அப்புறம் நடக்கறத பாக்க. அப்புறம் அந்த கூட்டக் கணக்கு. ஒத்த நிஞ்சா வந்தா ஒரு படையே நடுங்குது, அதே நிஞ்சா 50 பேரா வந்தா ஹீரோ வாழக்கா சீவற மாதிரி சீவிட்டுப் போறான். இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, அந்த 50ல ரெண்டு பேராவது வேலைக்கு ஒழுங்கா படிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா. கம்ப்யூட்டர் ரத்தம் வேற, தக்காளி சாறு மாதிரி பறந்து தரைல விழறதுக்குள்ள காணாம போயிருது. ரத்தமும் நிஞ்சுட்சு படிச்சிருக்கு போல.

சரி சரி, கேக்க வந்தத விட்டுட்டு எங்கயோ போறேன். மன்னிச்சுக்கோங்க. உங்க வேல லேசானது இல்லன்னு எனக்குத் தெரியும், ஃபைட் மாஸ்டரும் ஸ்டண்ட் பசங்களும் மாசக்கணக்கா ஒடம்ப ஒடச்சுக்கிட்டு ரிகர்சல் பண்றாங்க. எனக்கு வயிறெரியறதே அங்கதான். அந்தப் பையன் சங்கிலிய சுத்தி, சுவத்துல ஏறி, திரும்பி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டது எல்லாம் டிஐ ரூம்ல ஒரு குமிழத் திருப்புனதுல காணாமப் போயிருது. அவன் வீட்டுல அவங்கம்மா படத்தப் போட்டு, 'நீ எங்கடா இருக்க'ன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?

அதனால தாழ்மையா கேட்டுக்கறேன். அடுத்த படத்துல ஒரு சண்டை, ஒண்ணே ஒண்ணு போதும், தலைல இருந்து கால் வரைக்கும் தெரியற மாதிரி, வெளிச்சத்துல, வெட்டாம காட்டுங்க. ராத்திரி சீன்னா ஒரு நிலாவையாவது போடுங்க, நிலாவுக்கு கால்ஷீட் பிரச்சன கிடையாது. காவக்காரன் பாக்க வேணாம், நாங்க பாக்கணும். தயவு பண்ணி காட்டுங்க.

இப்படிக்கு,
தூணைப் பாத்து கை தட்டுன ஒரு ரசிகன்

பி.கு: டிவி பிரைட்னஸ பழையபடி வைக்க மறந்துட்டேன். எங்கம்மா பாக்குற சீரியல்ல அன்னைல இருந்து எல்லாரும் பவுடர் டப்பால விழுந்து எந்திரிச்ச மாதிரி தெரியறாங்களாம். மறுபடியும் கேபிள்காரனுக்கு போன் போடச் சொல்றாங்க.