மண்ணெண்ணெய் காப்பாற்றிய திமிங்கிலம்?

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை.

சனிக்கிழமை அங்கே அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்டு ஊரிலுள்ள திமிங்கில மியூசியத்துக்குப் போகிறேன் என்றாய், கூடவே "மண்ணெண்ணெய் வந்ததாலதாம்ப்பா திமிங்கிலமெல்லாம் பிழைச்சுது" என்றும் சொன்னாய். போனில் மறுத்தால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நீ சொன்னது பாதிதான் சரி.

அந்த ஊர் திமிங்கில வேட்டையில் உச்சத்தில் இருந்தது 1857-இல், 329 கப்பல்கள். கிளம்பினால் திரும்பிவர மூன்று நான்கு வருஷம் ஆகும். மேல்தளத்திலேயே செங்கல் அடுப்பு கட்டி, அண்டாவில் கொழுப்பை உருக்கி, அதில் மிஞ்சிய சக்கையையே அடுப்பில் போட்டு எரித்து, எண்ணெயைப் பீப்பாயில் அடைப்பார்கள். அந்த நாற்றத்தோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். மாசச் சம்பளம் கிடையாது, வருமானத்தில் பங்கு. கப்பலில் கடனுக்கு வாங்கிய சட்டை, புகையிலைக் கணக்கைக் கழித்தால் பலருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் இருக்கும் எண்ணெய் வெளியே வந்து ஆறினால் வெள்ளை மெழுகாகிவிடும். அதில் செய்த மெழுகுவர்த்தி அவ்வளவு சீராக எரிந்ததால், இங்கிலாந்தில் 1860-இல் வெளிச்சத்தை அளக்கும் 'கேண்டில் பவர்' கணக்கையே அதை வைத்துத்தான் போட்டார்கள்.

1859-இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள், விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் போய் மண்ணெண்ணெய் வந்தது. அப்புறம் உள்நாட்டுப் போர், 1871-இல் ஆர்க்டிக் பனியில் முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் சிக்கிக் கைவிடப்பட்டது என்று ஊர் படுத்துவிட்டது. ஊர்தான் படுத்தது, தொழில் படுக்கவில்லை.

நீலத் திமிங்கிலம் அதுவரை தப்பித்துக்கொண்டிருந்தது. துடுப்புப் படகால் அதை எட்டமுடியாது, செத்தாலும் மூழ்கிவிடும். நார்வேக்காரர் ஸ்வென் ஃபோய்ன் நீராவிக் கப்பலில் பீரங்கியை வைத்து, வெடிக்கும் ஈட்டியால் சுட ஆரம்பித்தார். எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக்கும் வித்தையும் வந்ததும் வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் மார்ஜரின், சோப்பு, முதல் உலகப் போரில் வெடிமருந்துக்குக் கிளிசரின் எல்லாம் இதிலிருந்தே. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் கொன்றது ஏறக்குறைய 29 லட்சம்! பெட்ரோலியம் காப்பாற்றியதாம். டீசல் ஊற்றித்தானே பிற்பாடு துரத்தினார்கள்? அமெரிக்கக் காரின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில்கூட 1970-களின் தொடக்கம்வரை ஸ்பெர்ம் எண்ணெய் கலந்தார்கள். எத்தனை அழுத்தம் வந்தாலும் பல்சக்கரத்தின் மேல் படலம் அறாது, லேத்தில் ஆயுசைக் கழித்த எனக்கு அந்த ஆசை புரிகிறது. வியாபாரத்துக்காகப் பிடிப்பதற்கு உலக நாடுகள் போட்ட தடை 1986-இல்தான் அமலுக்கு வந்தது.

மியூசியத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர், 1848-இல் அந்த ஊரில் செய்த ஈட்டிமுனை. உள்ளே போகும்போது ஒல்லியாகப் போகும், கயிற்றை இழுத்ததும் சின்ன மரக்குச்சி முறிந்து முனை குறுக்கே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். திமிங்கிலத்துக்கு எமன், ஆனால் வேலைப்பாடு என்ன வேலைப்பாடு! காப்புரிமை வாங்காமல் விட்டார், மற்ற கொல்லர்கள் காப்பியடித்துச் சம்பாதித்தார்கள். ஊர் நூலகத்து வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த முனையைப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு, குச்சி செருகும் ஓட்டை தெரிய வேண்டும். கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் ஃபிளாஷ் போடாதே.

அப்பா