முதலில் தொட்டி, பிறகு கண்ணாடிச் சுரங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூம்புகார், மாமல்லபுரம் கடலடி ஆய்வு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், ‘கடலுக்குள்ளேயே அருங்காட்சியகம் கட்டிவிடலாமே’ என்ற யோசனையும் கூடவே கிளம்புகிறது. உதாரணமாகச் சீனாவின் பைஹெலியாங்கைக் காட்டுவார்கள். 2009இல் திறந்த அந்த அருங்காட்சியகம் இருப்பது யாங்சி ஆற்றில். பழைய நீர்மட்டக் குறிப்புகள் பொறித்த ஒரு பாறைத்திட்டு அணை நீரில் மூழ்கியது. அதன்மேல் வளைகூடு கட்டி, வடிகட்டிய ஆற்று நீரை உள்ளே நிரப்பி, உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமமாக்கினார்கள். நன்னீர், நகராத பாறை. நமக்கு இரண்டும் இல்லை.

பூம்புகாருக்கு அப்பால் ஆராயப்பட்ட லாட வடிவ அமைப்பு 23 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கே பார்வையாளர் நடந்து பார்க்கக் காற்று நிரம்பிய கண்ணாடிச் சுரங்கம் வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 23 டன் அழுத்தம் தாங்க வேண்டும். கட்ட முடியாததல்ல. ஆனால் ஆற்று வண்டலும் வாடைக்காலக் கலங்கலும் சேர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே என்ன தெரியும்? கண்ணாடியிலோ பாசியும் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிரியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இத்தாலியின் பாயா கடலடிப் பூங்காவில் ஆழம் ஐந்து மீட்டர் அளவுதான், நீரும் நம் கடலைவிடத் தெளிவு. அங்கேகூட நீருக்குள் நிற்கும் சிலைகள் நகல்கள். அசல்கள் கரையில், கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன.

அப்படியானால் எல்லாவற்றையும் மேலே எடுத்துவிடலாமா? ஆபத்து அங்கேதான். கடலில் ஊறிய மண்பானையை வெயிலில் வைத்தால் நுண்துளைகளில் உப்பு படிகமாகி, மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். எடுத்ததும் கடல்நீரிலேயே வைத்து, பிறகு பாதிக்குப் பாதி நன்னீர் கலந்து, அடுத்து முழு நன்னீர், கடைசியில் காய்ச்சி வடித்த நீர் என்று படிப்படியாக மாற்ற வேண்டும். தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சில துளிகள் விட்டால், குளோரைடு இருக்கும்வரை பால்போல வெளுக்கும். சென்னையின் போர் தண்ணீரே இந்தச் சோதனையில் வெளுத்துவிடும். அதில் ஊறவைத்துவிட்டு உப்பு போகவில்லையே என்று குழம்புவதில் பயனில்லை.

இரும்பு பீரங்கி இன்னும் அடம்பிடிக்கும். 2 முதல் 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் அமிழ்த்தி, குறைந்த மின்சாரம் செலுத்தி, கரைசலை மாற்றிக்கொண்டே இருந்தாலும் உப்பு வெளியேற ஆண்டுக்கணக்காகும். நடுவில் காயவிட்டால் விரிசல் கண்டு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். மரத்துக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும்: 1961இல் ஸ்வீடன் கடலடியிலிருந்து தூக்கிய வாசா கப்பல்மீது, மரம் காய்ந்து சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலின் கிளைகால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தது மட்டும் 17 ஆண்டுகள். ஈயம் எளிது என்று நினைக்கத் தோன்றும். பூம்புகார்க் கடலில் மூழ்கிய கப்பலில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்தன. அப்படிப்பட்டவற்றை ஒட்டுப்பலகை அலமாரியில் பூட்டினால் பலகை விடும் அமில ஆவியில் வெண்பொடி பூக்கும், எழுத்து அழியும். எஃகு அலமாரிதான் சரி.

ஆகவே எதை மேலே எடுப்பதானாலும் அதற்கான இழைக்கண்ணாடித் தொட்டி கரையில் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்துக்கு உலோகப் பொருள்களில் நெடுங்கால அனுபவம் உண்டு. கடல்பொருள் பிரிவை அங்கிருந்தே தொடங்கலாம். எடுக்க வசதியில்லாதவற்றைத் துணிவிரிப்பு, மணல்மூட்டை போட்டு மூடிவிடலாம். பீரங்கிகளில் அலுமினியத் தியாக மின்முனையை (இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) கவ்வியால் பொருத்தினால், கடலிலேயே அரிப்பு மட்டுப்பட்டு உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பின்னாளில் ஆய்வக வேலை குறையும்.

பார்வையாளருக்கு இந்தத் தொட்டிகளையே காட்டலாம். பீரங்கி ஊறுவதைக் கண்ணாடி வழியே பார்க்கக் கூட்டம் வரும். திட்ட மதிப்பீட்டில் கட்டடத்துக்கு முன்னதாக ஆய்வகத்துக்கும், குறைந்தது பத்தாண்டு ரசாயனம், மின்சாரம், பணியாளர் செலவுக்கும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொல்பொருள் பாதுகாப்புத் துறையினர் சிலர்,
சென்னை