கோல்ட்பர்க் உதைத்த உதை

அன்புள்ள கதிர்,

முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கிளப்பில் இனி எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்ததுமே ஒரு ஜிம்மில் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறார்கள் என்றாய். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஏனோ கோல்ட்பர்க் ஞாபகம் வந்தது.

நீ டிரம்ப் கார்டில் சேர்த்து வைத்திருந்தாயே, அந்த மொட்டைத்தலை மல்யுத்தக்காரன்தான். முதலில் அவன் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடி, 1990இல் ராம்ஸ் அணிக்குத் தேர்வாகி, பிறகு அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு 14 ஆட்டம். அடிவயிற்றுத் தசை கிழிந்ததோடு அந்தக் கதை முடிந்தது.

அதே அட்லாண்டாவில் டபிள்யூசிடபிள்யூ கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் மல்யுத்தம் பழகினான். 1997 செப்டம்பரில் டிவியில் முதல் ஆட்டம். 1998 ஜூலை 6, ஜார்ஜியா டோமில் ஹல்க் ஹோகனை வீழ்த்திச் சாம்பியன். அப்போது ஃபால்கன்ஸின் சொந்த மைதானமே அதுதான்! பத்து மாதம்கூட ஆகவில்லை.

அதெல்லாம் நடிப்புதானே என்பாய். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான்; விழுகிற உடம்பு நிஜம். அடிக்கிற மாதிரி அடித்து, எதிராளிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே தொழிலே. ஃபுட்பாலில் அவன் பழகியதோ முழு பலத்தோடு மோதிச் சாய்ப்பது. அந்தப் பழக்கம் போக வருஷங்கள் வேண்டும். கம்பெனிக்குப் பொறுமை இல்லை. ஓடிவந்து தோளால் மோதிச் சாய்க்கிற ஒரு ஸ்பியர், தலைகீழாகத் தூக்கி அடிக்கிற ஒரு ஜாக்ஹாமர், இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இதில் எங்கே கற்றுக்கொள்வது?

1999 டிசம்பரில் ஓர் ஆட்டத்தில், எதிராளி பிரெட் ஹார்ட் தலையில் அவன் விட்ட உதை நிஜமாகவே பட்டுவிட்டது. மூளை அதிர்ச்சி. அடுத்த வருஷமே ஹார்ட் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. கோல்ட்பர்க் வேண்டுமென்று செய்யவில்லை, பின்னால் வருத்தமும் தெரிவித்தான். ஆனாலும் என் கணக்கில் அவனைவிட, அவசரமாக மேடையேற்றியவர்கள் மேல்தான் அதிகப் பழி.

உன் உடம்பை எவ்வளவு வருத்தலாம் என்று உனக்குத் தெரியும். அங்கே வரப்போவது சுகரும் இடுப்புவலியும் உள்ளவர்கள். அவர்களுக்கு எவ்வளவு எடை கொடுப்பது, எப்போது போதும் என்பது, இதையெல்லாம் யாரிடமாவது பக்கத்தில் நின்று பழக வேண்டாமா? முதல் ஒரு வருஷம் உதவியாளராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாரேன். சம்பளம் குறைந்தால் குறையட்டும், வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன். சான்றிதழ் படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்துச் சொல்.

ஃபிசியோவிடம் போனாயா என்று அம்மா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, என்மேல் கோபமாக இருந்தாலும்.

அப்பா