குழாய்வழி உணவு: வீட்டுக்கு அனுப்பும் முன் கற்றுக்கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்தால் விழுங்கும் திறனை இழந்த என் தாயாருக்கு, மூக்கு வழியே இரைப்பை வரை செலுத்தப்பட்ட குழாயில் ஏழு மாதங்கள் வீட்டிலேயே உணவு கொடுத்தவன் நான். மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தபோது தரப்பட்ட தாளில் எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்பது மட்டுமே இருந்தது; நோய்த்தொற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்றாம் வாரமே நிமோனியா கண்டு மீண்டும் சேர்த்தோம். "தினமும் அம்மாவின் வாயைச் சுத்தம் செய்கிறீர்களா?" என்பதுதான் அங்கிருந்த செவிலியர் கேட்ட முதல் கேள்வி. வாயால் எதுவும் சாப்பிடாதவருக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டோம். உண்மையில், மென்று விழுங்குவது நின்றால் வாய் உலர்ந்து நாக்கிலும் பற்களிலும் கிருமிகள் பெருகுகின்றன. அவை எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்குவதே இத்தகைய நிமோனியாவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அன்று ஈரத்துணியால் துடைத்தபோது, அம்மாவின் நாக்கிலிருந்து பழுப்புப் படலம் தோல்போல உரிந்து வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மற்றவற்றையும் அவரே சொல்லித் தந்தார். உணவு கொடுக்கும்போதும் அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும். மாவைக் கரைத்துத் தயாரித்த உணவை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழாயில் உணவு செலுத்தும் சிரிஞ்சைப் பிரித்துக் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது, நாங்கள் நாள்தோறும் தண்ணீரில் அலசி வைத்த அதன் ரப்பர் முனையின் அடியில் பழைய உணவு புளித்த வாடையோடு ஒட்டிக் கிடந்தது.

செவிலியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பல நோயாளிகளை ஒருவரே கவனிக்கும் வார்டில் இதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஆகவே, வீட்டில் கவனிக்கப்போகிறவர் செவிலியரின் முன்னிலையில் ஒரு வேளை உணவைத் தம் கையாலேயே கொடுத்து, வாயையும் சுத்தம் செய்து காட்டிய பிறகே நோயாளியை அனுப்புவது என்பதை மருத்துவமனைகள் விதியாக்க வேண்டும். அந்தத் தாளிலும் இந்தக் குறிப்புகளைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்