ஜோர்டன்ஸ் கூடுகை இல்லம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள நண்பர்களே,

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரான நாம் வழிபாட்டுக்குக் கூடும் இந்த இல்லத்தில் 2005 மார்ச் 10 அன்று தீப்பிடித்தது. அதில் நாம் இழந்த கூரை மறுபடி எழுந்துவிட்டது. 2008-இல் கதவும் திறந்தாயிற்று. வரவு செலவுக் கணக்கு தனித் தாளில் வருகிறது. என்ன போனது, என்ன மிஞ்சியது என்பது மட்டும் இங்கே.

தீ தொடங்கியது பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய பகுதியில். அங்கிருந்து தாவி 1688-இல் வேய்ந்த பழைய கூரையை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிட்டது. உள்ளே கரியும் தண்ணீரும் படிந்து பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் செங்கல் சுவர்களும், மரப்பலகைகளிலும் பெஞ்சுகளிலும் பெரும்பகுதியும் தப்பின. ஆகவே இனி வருகிறவர்களிடம், "தலைக்கு மேலே இருப்பது புதிது, உட்காரும் பெஞ்சு பழையது" என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

கட்டடத்தைப் புனிதம் என்று நாம் கொள்வதில்லையே, பிறகு எதற்கு இத்தனை பாடு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பீடமும் குருவும் இல்லாத, மௌனமாக உட்காரும் ஓர் அறை இது. வேறு எங்கும் உட்காரலாம். ஆனால் இந்த அறை எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1670-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக்கு ஒரு வீட்டில் வெளியாட்கள் ஐந்து பேர் கூடினாலே குற்றம். வந்தவருக்கு முதல் முறை 5 ஷில்லிங், இடம் கொடுத்தவருக்கு 20 பவுண்டு அபராதம். அந்தக் காலத்தில் நம் முன்னோர் பக்கத்துப் பண்ணை வீட்டில்தான் கூடினார்கள். இந்தப் பக்கத்துக் குவேக்கரான ஐசக் பெனிங்டன் ஆறு முறை சிறை போய் வந்தவர். 1687-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தடையைத் தளர்த்தினார். அடுத்த வருடமே சுவர் எழுந்துவிட்டது. எவ்வளவு காலம் காத்திருந்தால் அவ்வளவு அவசரம் வரும்! வெளியிலிருந்து பார்த்தால் பண்ணை வீடு போலத்தான் இருக்கும். அதையே திரும்பக் கொண்டுவர வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்பதே குழுவின் கருத்து.

அப்புறம், கல்லறைத் தோட்டம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1718 முதல் இங்கே இரு மனைவியரோடு உறங்குகிறார். கல்லறைக்குக் கல் நடுவது நம் முன்னோருக்குப் பிடிக்காது; இப்போதுள்ள கற்கள் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தவை. அதனால், "சரியாக இந்தக் கல்லுக்குக் கீழேதானா?" என்று கேட்பவர்களுக்கு, "ஏறக்குறைய" என்றே சொல்லுங்கள். 1881-இல் அவர் உடலைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள், நம்மவர்கள் மறுத்துவிட்டார்கள். தீ அந்தப் பக்கம் போகவில்லை. ஆகவே கணக்குத் தாளில் கல்லறைத் தோட்டம் என்ற தலைப்பைத் தேட வேண்டாம்.

திருப்பணிக் குழு