உன் கோழி இங்கே சுகம்

திங்கள்சந்தை,
நவம்பர் 19

மக்கா,

உன் கோழி சுகமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை நீ படிக்கமாட்டாய். கோழியைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் நீ "அப்புறம்?" என்று கேட்டதும் மழை, தேங்காய் விலை என்று எங்கேயோ போய்விட்டேன்.

போன மாதம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களைச் சபையில் ஏலம் விட்டபோது, மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் நீ பார்த்தது வேறு, இந்தப் பக்கம் நடந்தது வேறு. மேசையில் மைக் பிடித்து நின்றவன் நான். டெய்லர் மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கமிட்டிக்காரர்கள் ஏலம் விடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மட்டி வாழைக்குலை நல்ல விலைக்குப் போனது. 2023ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, அதைக் கொண்டுவந்து வைக்கிறவர்களுக்கு முகத்திலேயே ஒரு கெத்து. ஏத்தங்குலை, மரச்சீனிக் கிழங்கு, பூசணி, ஒரு சாக்குத் தேங்காய், யாரோ சுட்டுக் கொண்டுவந்த முந்திரிக்கொத்து எல்லாம் அடுத்தடுத்துப் போனது. செயலர் பக்கத்தில் நாலு போன் நின்றது. இரண்டு துபாய், ஒன்று பெங்களூரு, ஒன்று நீ.

அப்புறம் மேலத்து வீட்டுப் பாட்டியின் புள்ளிக்கோழி வந்தது.

உனக்கு இது மறந்துவிட்டதா, இல்லை ஒருநாளும் தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் நீ பாட்டுக்காரர்கள் பக்கம் உட்காருவாய், ஏலம் நடக்கும்போது ஹார்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பாய். பாட்டி வருஷாவருஷம் வீட்டில் நன்றாக முட்டையிடுகிற கோழியைத்தான் காணிக்கையாகக் கொண்டுவருவாள். ஏலத்தில் தானே கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டும் போவாள். சும்மா கேலிக்கு இரண்டு பேர் விலையை ஏற்றிவிடுவார்கள், அவள் முறைப்பாள், அறுநூறு எழுநூறில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எழுதி வைக்காத சட்டம் அது. கர்த்தருக்குப் பணமும் போகும், கோழி கூட்டுக்கும் போகும். அவள் கணவர் இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான்.

இந்த வருஷமும் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் நோட்டுகளை மடித்து வைத்திருந்தாள். மேசையிலிருந்து பார்க்க எனக்கு ஓரம் தெரிந்தது. நான் "ஐநூறு" என்றேன், அவள் "அறுநூறு" என்றாள். உள்ளே சிரிப்பு கிளம்பியது. அந்த நேரத்தில் செயலர் போனைத் தூக்கிப் பிடித்து "மஸ்கட் ஐயாயிரம்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு தரம், இரண்டு தரம் சொல்லும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். நான் மூன்றாம் தரம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மைக்கைக் கையில் பிடித்தவனுக்கு வாய் தானாக ஓடிவிடுகிறது.

உன்மேல் எனக்கு ஒரு வாரம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. நீ பாட்டியைக் கௌரவப்படுத்துவதாக நினைத்துத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் ஐயாயிரமும் சேர்ந்துதான் பாட்டுக்காரர்கள் தலைமேல் ஒழுகிக்கொண்டிருந்த ஓடு மாற்றியாயிற்று. இந்த மழையில் ஆராதனை நடுவே யாரும் வாளி தேடி ஓடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை கோழியைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். "பாட்டி, இதை வச்சுக்கிடுங்கோ, அவன் அங்க இருந்துகிட்டு கோழியை என்ன செய்யப்போறான்" என்றேன். அவள் திண்ணையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "வேண்டாம் மக்கா. ஏலத்துல போனது போனதுதான். நான் பைசா குடுத்து வாங்கினாத்தான் எனக்க கோழி. ஓசியில திருப்பி வாங்கப்பிடாது" என்றாள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? கோழி எங்கள் வீட்டு விறகுப்புரைக்கு வந்தது.

ஆனால் தினமும் காலையில் பால் வாங்க வருகிற சாக்கில் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பாள். "கஞ்சித்தண்ணி வச்சியா?" "ராத்திரி கூட்டை அடச்சியா? கீரி வரும்." என் வீட்டுக்காரிக்கு முதலில் எரிச்சல், இப்போது பாட்டி வராத நாளில் இவளே தேடிப் போகிறாள். முட்டையில் பாதியை நான் அங்கே கொடுத்து அனுப்புகிறேன். அது மட்டும் ஓசி இல்லையாம், கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிற கூலியாம்.

போன் ஏலத்தைப் பற்றிக் கமிட்டியில் பேச்சு கிளம்பியிருக்கிறது. டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கூட்டம். ஒரு கட்சி, வெளிநாட்டுக்காரர்கள் வேண்டுமானால் காணிக்கை அனுப்பட்டும், ஏலம் இங்கே நிற்கிறவர்களுக்கு மட்டும் என்கிறது. இன்னொரு கட்சி, சபையில் பாதி வீட்டில் ஆண்பிள்ளைகள் வெளியூரில் இருக்கும்போது அவர்களை வெட்டிவிட்டால் ஓடு யார் மாற்றுவது என்று கேட்கிறது. இரண்டும் சரிதான், அதுதான் தொந்தரவு. நான் வாய் திறப்பதற்கு முன்னால் உன்னைக் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன். மஸ்கட் அறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஏலம் கேட்டபோது உனக்கு எப்படி இருந்தது? பண்டிகையில் இருந்தமாதிரி இருந்ததா? உண்மையை எழுது. கமிட்டியில் உன் பெயரைச் சொல்லமாட்டேன்.

பண்டிகை அசனச் சாப்பாட்டுக்கும் இதே கதை. அடுத்த முறை கேட்டரிங் கொடுத்துவிடலாம் என்று வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள். சோறு பொங்குகிற பெரிய வார்ப்பு தூக்க ஆள் இல்லை, கழுவ ஆள் இல்லை. நியாயம்தான், எனக்கே தோள்பட்டை போய்விட்டது. இருந்தாலும் கிடங்கைத் திறந்து அந்த வார்ப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2004 டிசம்பர் 26 ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு நடுவில் குளச்சல் பக்கத்திலிருந்து சேதி வந்து, பிரசங்கம் பாதியில் நின்று, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடியரிசி மூட்டையை அவிழ்த்துக் கஞ்சி காய்ச்சினோமே. டெம்போவின் பின்னால் வார்ப்பைப் பிடித்துக்கொண்டு நீதான் உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு குழியிலும் கஞ்சி தளும்பி உன் முட்டியில் ஊற்றியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? கேட்டரிங்காரனிடம் வார்ப்பை இரவல் வாங்கிக்கொண்டு ஓட முடியுமா என்று கூட்டத்தில் கேட்கலாம் என்று இருக்கிறேன். கேட்டால் கிழவன் பேச்சு என்பார்கள். கேட்கத்தான் போகிறேன்.

இனி வருகிறவை. சனிக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு போகிறோம். எந்நேரமும் போன் பார்க்கிற பிள்ளைகள், நம் மாவட்டத்தை ஒருநாள் கண்ணால் பார்க்கட்டும் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். முதலில் பக்கத்தில் இருக்கிற நெய்யூர் ஆஸ்பத்திரி. அங்கே சாமர்வெல் டாக்டர் கதையைச் சொல்லப்போகிறேன். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன மனுஷன் இங்கே வந்து நம்மூர்க்காரர்களின் வயிற்றை அறுத்துத் தைத்தார் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1924ல் உச்சிக்குக் கிட்டே போனபோது தொண்டைக்குள் சதை உரிந்து அடைத்து, மூச்சு முட்டி, நெஞ்சைத் தானே அமுக்கித் துப்பிப் பிழைத்தாராமே, அந்தக் கட்டத்தைப் போன வருஷம் சொன்னபோது ஒரு பொடியன் "பிறகு எந்த டாக்டர்கிட்ட போனாரு?" என்று கேட்டான்.

அடுத்து நாகர்கோவில் கஸ்பா சபை, 1819ல் அடிக்கல் போட்டது. அங்கிருந்து மயிலாடி. 1806ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து சேர்ந்த ஊர். அவரைக் கூப்பிட்டு வந்த வேதமாணிக்கம் அந்த ஊர்க்காரர். வெளிநாட்டுக்காரர் வந்து நமக்குக் கொடுத்தார் என்று மட்டும் பிள்ளைகள் மனதில் பதியக்கூடாது, நம்மாள் ஒருவர் போய்க் கேட்டதால்தான் வந்தார் என்பதை அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். மயிலாடிச் சிற்பிகளின் உளிச்சத்தத்துக்கு நடுவே யார் காதில் விழுமோ. மேலாடை போடுவதற்கே நம் பாட்டிகள் அடி வாங்கினார்கள், 1859ல்தான் போடலாம் என்று உத்தரவு வந்தது என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் திரும்பும் வழியில் பேசலாம் என்று வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. இதற்குத்தான் சண்டை. வேதசாட்சி தேவசகாயம் சுடப்பட்ட இடம் கத்தோலிக்கர்களுடையது, நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் எழுந்தார். எனக்கு வந்ததே! "ஐயா, அவர் செத்தது 1752ல். மிஷனரி மயிலாடிக்கு வந்தது 1806ல். நம்ம சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை, உண்டானது 1947 செப்டம்பர் 27ல். பிறக்காத சபைக்கு அந்த மனுஷன் எப்படி உறுப்பினராக முடியும்?" என்றேன். போதகர் குனிந்து செருப்பைத் தேடுகிறமாதிரி சிரித்தார். முடிவு, போகிறோம். 2022 மே 15ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று கத்தோலிக்கர்களோடு சேர்ந்து நாமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அதையும் நினைவுபடுத்தினேன். பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை, மணிமாதிரி ஒலிக்கிற மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்துநாலாம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேற்றம். டிசம்பர் 3 வழக்கம்போல மாவட்டத்துக்கே லீவு. எங்கள் வீட்டில் இப்போதே தேர் பார்க்கப் போகவேண்டும் என்று ஆரம்பித்தாயிற்று. கடற்கரை ஊர்களில் மாதக் கடைசியில் ஒக்கி புயல் நினைவு ஜெபம் இருக்கும். 2017ல் போனவர்களின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நம் மீன்காரி அக்கா அன்றைக்கு மட்டும் சாளை கொண்டுவர மாட்டாள், நாமும் கேட்கமாட்டோம்.

பிறகு கிறிஸ்மஸ் கேரல் பாட்டு. அதைப் பற்றி உனக்கு எழுதினால் எனக்குத்தான் தொண்டை அடைக்கும். பெட்ரோமாக்ஸ் போய், ஜெனரேட்டர் வண்டி போய், இப்போது பாட்டுப்பெட்டியில் ஓடுகிற பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கிறிஸ்மஸ் தாத்தா மட்டும் மாறவில்லை, அதே பஞ்சு தாடி, அதே அரிப்பு. இந்த வருஷம் ஒரு ராத்திரி மட்டும் பெரியவர்கள் குழு, மைக் இல்லாமல், பழைய கீர்த்தனை மட்டும், படுக்கையில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போவது என்று போதகர் சொன்னார். இருபத்திரண்டாம் தேதி ராத்திரி. கணக்குப் பார்த்தால் பதினேழு வீடு. நம் சின்ன வயதில் இரண்டு வீடுதான் இருக்கும். கீழ்க்குரல் பாட ஆள் இல்லை. டெய்லர் மாமா பாடினால் எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிடும். உன் ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது, நாகர்கோவிலில் கொடுத்துச் சரிபண்ணி வைத்திருக்கிறேன். காசு கேட்கவில்லை, நீ லீவு போட்டால் போதும். டிக்கெட் எடுத்தால் தேதியைச் சொல், திருவனந்தபுரத்துக்கு நானே வண்டி கொண்டுவருகிறேன். உன் அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

கோழிக்கு வருகிறேன். பன்னிரண்டாம் தேதி அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பாட்டிதான் பதினொரு முட்டையைத் தேர்ந்தெடுத்து, பழைய கூடையில் உமி பரப்பி வைத்தாள். இன்று ஏழாம் நாள். சாயங்காலம் என் போன் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு முட்டையாக இருட்டில் பிடித்துப் பார்த்தாள். சிலந்தி வலைமாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தது ஒன்பதில். இரண்டு கூமுட்டை. "எண்ணிப் பாரு, சவேரியாரு திருநாளு அன்னைக்குப் பொரிக்கும்" என்று என் கையில் ஒரு முட்டையை வைத்தாள். சூடாக இருந்தது. பிறகு, "அவன் டிசம்பருல வாறானா?" என்று கேட்டாள். உன்னைத்தான். தெரியாது என்றேன். "வந்தா மூணு குஞ்சை எனக்கு விலைக்குக் குடுக்கச் சொல்லு. அடுத்த அறுப்புக்கு வேணும்" என்றாள்.

என்ன விலை சொல்லட்டும்?

உன்,
மக்கா